கழுவிவைத்த கண்ணாடி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு பேச வரும்படி அழைத்தபோது, பூச்சுகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். கரைசலை எப்படிக் கலப்பது, எந்தச் சூட்டில் உலர்த்துவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் வைத்திருந்த கருவிகளைப் பார்த்தால் சிரிப்பீர்கள். அதனால் ஒரு காலை வேளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் விட்டுவிட்டால் அது விளங்காது, ஆகவே கொஞ்சம் நீளும். சந்தோஷமான விஷயம் இல்லை. சந்தோஷமானவற்றை உங்கள் கம்பனிப் பணிப்பாளர்கள் படம் போட்டுக் காட்டுவார்கள்.

நான் ஹட்டன் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் ஒரு கண்ணாடிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்தேன். அங்கேதான் அந்த இரசாயனவியலாளரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே படிப்பித்துக்கொண்டிருந்து, சண்டையில் இடம்பெயர்ந்து, கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்திருப்பார். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. பெயரைச் சொல்லமாட்டேன். சொல்வதை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

எங்கள் பூச்சு என்பது, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் தன்மேல் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கையும் புகைக்கரியையும் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும் ஒரு மெல்லிய படலம். அதன்பின் மழை பெய்தால் தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் விரித்த துணிபோலப் பரவி, அழுக்கையும் இழுத்துக்கொண்டு வழிந்துவிடும். உலகத்தில் பெரிய கம்பனிகள் இதைத் தொழிற்சாலையிலேயே சூடான கண்ணாடியில் படியவைத்து விற்கத் தொடங்கியிருந்த நேரம். ஏற்கெனவே பொருத்திய கண்ணாடியின்மேல் விசிறிப் பூசக்கூடியதாக ஒன்றைச் செய்வதுதான் எங்கள் வேலை. மிஸ்ஸிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாதிரிக் கண்ணாடிகளை மொட்டைமாடியில் நல்ல வெயிலில் வைக்கமாட்டார். ஜெனரேட்டர் புகைபோக்கிக்குப் பக்கத்தில் வைப்பார், காகம் வந்து உட்காரும் கம்பிக்குக் கீழே வைப்பார். ஏன் என்று கேட்டேன்.

“நல்ல இடத்திலை எல்லாம் நல்லாத்தான் இருக்கும், செல்வராஜ். வாங்கிறவன் நல்ல இடத்திலையே கொண்டுபோய் வைக்கப்போறான்?” என்றார்.

பிறகு போர்நிறுத்தம் வந்து சண்டை ஓய்ந்திருந்த அந்த இடைக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து பூ வாங்குபவர்கள் துணிந்து மலைநாட்டுக்கு வரத் தொடங்கினார்கள். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், தன் நிலத்தில் ஒரு பகுதியைப் பூச்செய்கைக்குக் கொடுத்திருந்தது. சரிவில் வரிசையாகக் கண்ணாடி வீடுகள். உள்ளே ஏற்றுமதிக்கான கார்னேஷன் பூக்கள். பக்கத்திலேயே தேயிலைத் தொழிற்சாலை. அதன் விறகு அடுப்புப் புகையும் பனியும் கலந்து கண்ணாடிக் கூரையில் பிசின்போலப் படியும். வெளிச்சம் குறைந்தால் பூக்காம்பு மெலிந்து வளைந்துவிடும். வளைந்த காம்பை யாரும் வாங்கமாட்டார்கள். எங்கள் பூச்சுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று எங்கள் பணிப்பாளர் சொன்னார்.

மிஸ் உடனே சம்மதிக்கவில்லை. “முதல்ல நோட்டன் பிரிட்ஜிலை ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்ணாடியை வைச்சுப் பாப்பம். அங்கை மழையும் புகாரும் கூட. அதிலை தப்பினால் எங்கையும் தப்பும்,” என்றார். புகார் என்று அவர் சொன்னது பனிமூட்டத்தை. பணிப்பாளருக்கு ஒரு மழைக்காலம் காத்திருக்க நேரமில்லை. நாங்கள் இருவரும் ஹட்டனுக்கு அனுப்பப்பட்டோம். மிஸ் ஒரு ஆசிரியை குடும்பத்தோடு தங்கினார். நான் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னறைதான் ஆய்வுகூடம். தினமும் பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போய் வந்தோம்.

கண்ணாடி வீடுகளின் கூரையைக் கழுவியவர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் காளிமுத்து. நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. தோளில் ரப்பர் குழாயைச் சுற்றிக்கொண்டு கூரை முகட்டிலே வீதியில் நடப்பதுபோல நடப்பார். முகடு நெடுக ஆள் நடக்க இரும்புப் பலகை போட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்திருந்தார்கள். அவர் மனைவி புஷ்பம் கீழே பூ வெட்டினார். மேலிருந்து தண்ணீர் விழுந்தால் புஷ்பம் கத்துவார், காளிமுத்து மேலிருந்து ஏதாவது சொல்லிச் சிரிப்பார். கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்தபடியே நாள் முழுக்க வேலை செய்த தம்பதியை நான் அங்கேதான் பார்த்தேன்.

தை, மாசியில் பூசினோம். நல்ல வெயில். எங்கள் பூச்சு நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. ஒருநாள் முகாமையாளர் தோட்டத்து ஆட்களை எல்லாம் கூட்டி, பூசிய கண்ணாடியிலும் பூசாத கண்ணாடியிலும் தேயிலைச் சாயத்தை ஊற்றிக் காட்டச் சொன்னார். பூசியதில் ஒரு சொட்டும் தங்கவில்லை. காளிமுத்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, “என்னங்க மிஸ் இது, தண்ணி ஓடுற எடமே தெரியல,” என்றார். கூட்டத்தில் யாரோ, “ஒனக்கு இனிமே மலைக்கிப் போயி கொழுந்துதான்,” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காளிமுத்துவும் சிரித்தார். கூரை கழுவுகிறவர்களுக்குத் தேயிலை மலை வேலை ஒரு படி இறக்கம். மிஸ் சிரிக்கவில்லை. மழைக்காலம் இன்னும் வரவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். கேட்டவர்களுக்கு அது கல்யாண வீட்டில் சாவுச் செய்தி சொல்வதுபோல இருந்திருக்கும்.

சித்திரைக்குப் பின் ஒரு கூட்டம் நடந்தது. எங்கள் பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். முகாமையாளர் சிங்களவர், முப்பது வயதுகூட ஆகாதவர். நல்ல மனிதர் என்றே இன்றும் சொல்வேன். ஆட்களோடு அவர்களுடைய தமிழிலேயே பேச முயல்வார். பூந்தோட்டம் இலாபம் காட்டாவிட்டால் அவரைத் தூக்கிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கூரை முகட்டின் இரும்புப் பலகைகளைக் கழற்றிவிடலாம் என்பது அன்றைய பேச்சு. துருப்பிடித்திருக்கின்றன, பாத்திகளில் நிழல் விழுத்துகின்றன, இனி ஆள் ஏற வேண்டியதும் இல்லை.

“இந்த மழை முடியட்டும். பிறகு கழட்டுங்கோ,” என்றார் மிஸ்.

பணிப்பாளர் சிரித்தபடி, “உங்கள் கண்டுபிடிப்பை நீங்களே நம்பவில்லையா?” என்று கேட்டார்.

“வெயிலிலை நம்புறன். புகாருக்குள்ளை அது என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

ஒரேயொரு கண்ணாடி வீட்டிலாவது பலகையை விட்டுவையுங்கள் என்று கெஞ்சுவதுபோலக் கேட்டார். நானும் கேட்டேன். ஒரு வீட்டில் மட்டும் பலகை நின்றால் பார்க்க வருகிறவர்கள் அது எதற்கு என்று கேட்பார்கள், அதற்கு யார் பதில் சொல்வது என்றார் பணிப்பாளர். அந்தக் கிழமையே எல்லாவற்றையும் அறுத்து இறக்கினார்கள். காளிமுத்துவும் மற்ற இருவரும் மலை வேலைக்கு மாற்றப்பட்டார்கள்.

ஆனி பிறந்ததும் மழை பிடித்தது. தலவாக்கலை மழையைத் தெரிந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வெயில் முகத்தைப் பார்க்காமல் நாட்கள் போகும். காலையில் எழும் புகை மேலே போகாமல் பனிக்குள் சிக்கிச் சரிவிலேயே கிடக்கும். நாங்கள் பயந்ததுதான் நடந்தது. வெளிச்சம் இல்லாததால் படலம் அழுக்கைச் சிதைக்கவில்லை. அதைவிட மோசம், தண்ணீரை விரித்துப் பிடித்துவைக்கும் அதன் குணத்தாலேயே கண்ணாடி இடைவிடாமல் ஈரமாக இருந்தது. முதலில் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகளில் பச்சைக் கோடு விழுந்தது. பிறகு அது பரவியது. ஆடி மாதத்தில் உள்ளே நின்று மேலே பார்த்தால் குளத்துக்கு அடியில் நிற்பதுபோல இருந்தது. முந்தைய மழைக்காலங்களில் அந்த அளவு பாசியை அங்கே யாரும் பார்த்ததில்லையாம். கழுவ ஆள் இருந்தார்கள், அதனால் பாசிக்கு நேரம் கிடைக்கவில்லை.

பூக்காம்புகள் வளையத் தொடங்கின. மிஸ் முகாமையாளரிடம் நேரே போய், பலகையைத் திரும்பப் போட்டு ஆள் வைத்துக் கழுவச் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, வாங்குபவர்கள் வரும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்றார். அவர்கள் பூவை மட்டும் பார்க்க வரவில்லை. எங்கள் பூச்சையும் தங்கள் மற்றத் தோட்டங்களுக்கு எடுக்கலாமா என்று பார்க்க வருகிறார்கள். மிஸ் அன்று மாலையே தலவாக்கலை தபாற்கந்தோரில் நின்று கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். வருகையைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் இருப்பதை இருப்பதுபோலக் காட்டுங்கள், எங்கே வேலை செய்கிறது எங்கே செய்யவில்லை என்று நானே விளக்குகிறேன் என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மிஸ் தொலைபேசியை வைத்துவிட்டு, “அதை நாங்கள் பாத்துக்கொள்ளுறம் எண்டு சொல்லுகினம்,” என்றார்.

அதை அவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவே இல்லை.

வருகை நாளன்று முதல் பஸ்ஸிலேயே போனோம். நல்ல பனி. தோட்டப் பாதையில் ஏறும்போதே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மழை நின்றிருந்தது, ஆனாலும் தண்ணீர்ச் சத்தம். கிட்டப் போனால் கூரைமேல் மூன்று பேர். காளிமுத்துவும் அவருடைய பழைய ஆட்கள் இருவரும். கூரைச் சரிவில் மர ஏணிகளைப் படுக்கப் போட்டு, முகட்டு இரும்பில் கயிற்றால் கட்டி, அதில் தொற்றிக்கொண்டு குழாயும் விளக்குமாறுமாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தானாகச் சுத்தமாகும் கண்ணாடியை, அது தானாகவே சுத்தமானதாகக் காட்டுவதற்காக ஆள் ஏற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமும் இல்லை, பயமும் இல்லை. வெட்கம்தான்.

மிஸ் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினார். “காளிமுத்து! இறங்குங்கோ! எல்லாரும் கீழை வாங்கோ!”

“இன்னும் ரெண்டே வரிசைதாங்க மிஸ். வர்றவங்க வந்து எறங்குறதுக்குள்ள முடிக்கணும்னு மேனேஜர் தொர சொல்லியிருக்காரு.”

“ஒரு வரிசையும் வேண்டாம். நான் சொல்லுறன், இறங்குங்கோ. தொரையோடை நான் கதைக்கிறன்.”

மற்ற இருவரும் அடுத்த ஏணிகளில் இருந்தார்கள். அவர்கள் கேளாதவர்களைப்போலக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். காளிமுத்து மட்டும் ஒரு கணம் யோசித்தார். பிறகு விளக்குமாற்றை இடுப்பில் செருகிக்கொண்டு, “சரிங்க மிஸ், எறங்குறேன்,” என்று சொல்லி ஏணியில் பின்னோக்கிக் காலை வைத்தார். அவர் எடை ஏணியின் தலையிலிருந்து அடிக்கு மாறியது. ஈரக் கண்ணாடியில் ஏணி பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்ததைப் பார்த்தேன். கயிறு அறவில்லை, இரும்பில் வழுக்கிக்கொண்டு போனது. காளிமுத்து கையை விரித்தார். பிடிக்கக் கம்பி இருந்த இடத்தில் அவர் கை தேடியது என்று நான் நினைக்கிறேன். பிறகு கண்ணாடி உடைந்தது. அவர் உள்ளே விழுந்தார்.

உள்ளே புஷ்பம் இருந்தார். அவர் எழுப்பிய சத்தத்தை நான் சொல்லப்போவதில்லை.

பாத்தியின் இரும்புச் சட்டத்தில் முதுகு அடிபட்டிருந்தது. நினைவு இருந்தது. “ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல,” என்று புஷ்பத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவரைத் தூக்கப் போனேன். மிஸ் என் கையைத் தட்டிவிட்டார். யாரும் தூக்கக்கூடாது என்று கத்தி, ஒரு கதவைக் கழற்றிக்கொண்டுவரச் செய்து, அதன்மேல் அசையாமல் கிடத்தித் தோட்டத்து லொறியில் ஏற்றவைத்தார். மிஸ்ஸின் சேலையெல்லாம் இரத்தம். உடைந்த கண்ணாடியில் முழங்கால் குத்தி நின்றதில் அவருடைய இரத்தமும் அதில் கலந்திருந்தது. லொறி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனது. புஷ்பம் கூடப் போனார். கூரையிலிருந்து இறங்க மறுத்த இருவரும் ஏணியைவிட்டு இறங்கி, ஒரு கீறலும் இல்லாமல் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

அப்போது முகாமையாளர் வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. என்னிடம் சிங்களத்தில், “அவர்கள் நுவரெலியாவிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள். நான் என்ன செய்ய?” என்று கேட்டார். நடிப்பு இல்லை, உண்மையாகவே கேட்டார். அதற்குள் எங்கள் பணிப்பாளரின் வான் வந்துவிட்டது. அவர் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். இந்த வீட்டைப் பூட்டுங்கள். கழுவி முடிந்த மூன்றாவது வீட்டுக்கு அவர்களைக் கூட்டிப்போங்கள். மிஸ் வீட்டுக்குப் போய் உடை மாற்றட்டும், அவரில்லாமலே நான் விளக்குகிறேன்.

மிஸ் போகவில்லை. குழாயடியில் கையை மட்டும் கழுவிக்கொண்டு, என்னுடைய மழைக்கோட்டை வாங்கிச் சேலைக்குமேல் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

“என்ன செய்யப்போறீங்க மிஸ்?” என்று கேட்டேன்.

“தெரியேல்லை. ஆனால் நிக்கப்போறன்,” என்றார்.

வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் வயதான ஒரு பெண்மணிதான் முடிவெடுப்பவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. பணிப்பாளர் நன்றாகப் பேசினார். அவர் சொன்ன விஞ்ஞானத்தில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பெண்மணி தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். சுத்தமான கூரை. அதற்குமேல் வெள்ளைப் பனி. “இந்த மழையிலும் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே,” என்று ஆங்கிலத்தில் வியந்தார்.

மிஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. “இதை இன்று காலையில் கழுவினார்கள். கழுவிய ஒருவர் பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து விழுந்துவிட்டார். இப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இந்தப் பருவத்தில் எங்கள் பூச்சு வேலை செய்யவில்லை,” என்று அதே ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தப் பெண்மணி, விழுந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றார் மிஸ். விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். பூட்டிய வீட்டைத் திறந்தார்கள். அந்தப் பாத்தியின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டு, நால்வரும் வானில் ஏறிப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் பூச்சையும் வாங்கவில்லை, அந்தத் தோட்டத்துப் பூவையும் வாங்கவில்லை.

இங்கே நிறுத்தினால் நீங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உண்மையைச் சொன்ன ஒரு விஞ்ஞானியின் கதையாக அது முடிந்துவிடும். ஆனால் எனக்குத் தெரிந்தது அதோடு முடியவில்லை.

வாங்க ஆள் இல்லாமல் அந்த வருடம் முடிவதற்குள் பூந்தோட்டம் மூடப்பட்டது. உள்ளே வேலை செய்த பெண்கள் எல்லோரும் திரும்ப மலைக்குப் போனார்கள், சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. சிலர் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனார்கள். முகாமையாளர் வேலையை இழந்தார். ஆட்களை ஏற்றியவர் அவர்தான். ஏற்றச் சொல்லி அவருக்கு யார் சொன்னார்கள் என்பது பின்னால் நடந்த விசாரணையில் கடைசிவரை வரவில்லை. லயத்தில் மக்கள் யாரைத் திட்டினார்கள் தெரியுமா? பணிப்பாளரை இல்லை, அவரை அவர்களுக்குத் தெரியாது. “அந்த யாழ்ப்பாணத்து மிஸ் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா விழுந்தவன் ஒருத்தனோட போயிருக்கும். இப்ப எல்லாரு வவுத்துலயும் அடிச்சிட்டுப் போயிருச்சு,” என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவரும் பூ வெட்டியவர்தான். நான் அவரோடு வாதாடவில்லை. அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

கம்பனி மிஸ்ஸை வேலையிலிருந்து நிறுத்தியது. என்னைக் கொழும்புக்குத் திருப்பி அழைத்தது. ஆய்வுகூடத்தை மூட்டை கட்டிய நாட்களில் மிஸ் என்னிடம் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார். வந்தவர்களிடம் சொன்னதைப் பற்றி இல்லை. அதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. காளிமுத்துவை இறங்கச் சொன்னதைப் பற்றித்தான். “என்ரை சொல்லைக் கேட்டவர் விழுந்தார். கேளாத ரெண்டு பேரும் தப்பிட்டினம்,” என்பார். அப்படி இல்லை மிஸ், அந்த ஏணி எப்படியும் வழுக்கியிருக்கும் என்பேன். “இருக்கலாம்,” என்பார். கொஞ்சம் கழித்து, “முதல்லை அந்த ரெண்டு பேரையும் ஏணித் தலையைப் பிடிக்கச் சொல்லியிருக்க வேணும். பிறகுதான் இறங்கச் சொல்லியிருக்க வேணும்,” என்பார்.

பூச்சு வழுக்கியதா, வெறும் மழை ஈரம் வழுக்கியதா என்று பின்னால் நான் பல தடவை சோதித்துப் பார்த்தேன். முடிவாக எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் மிஸ் சொன்ன அந்த ஒழுங்கு எனக்குள் தங்கிவிட்டது. ஆபத்தில் நிற்கிறவனைக் கண்டதும் கத்துவது மனித இயல்பு. கத்துவதற்கு முன், அவன் திரும்பி வரும் வழியைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் வேலையில் ஏணி இருக்காது. ஒரு பொருளைச் சந்தையிலிருந்து திருப்பி எடுக்கச் சொல்வீர்கள், ஒரு ஒப்பந்தத்தை நிறுத்தச் சொல்வீர்கள். நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கும். உங்கள் சொல்லை நம்பி முதலில் காலைப் பின்வைப்பவன் யார், அவனை யார் பிடிப்பார்கள் என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். அன்று எங்களுக்கு அந்த மூச்சு வாய்க்கவில்லை.

நுவரெலியாவிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டிருந்த காளிமுத்துவை லயத்துக்குக் கொண்டுவந்த பிறகு, மிஸ் யாழ்ப்பாணம் போவதற்கு முன், இருவரும் அவரைப் பார்க்கப் போனோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. காம்பரா என்று அவர்கள் சொல்லும் முன்னறையில் பலகைக் கட்டிலில் கிடந்தார். புஷ்பம் எங்களை வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. பிளேன் டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார். மிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். காளிமுத்துதான் பேச்சைத் தொடங்கினார்.

“மிஸ், ஒன்னு கேக்கணும்ங்க. ரொம்ப நாளா மனசுல கெடக்கு.”

“கேளுங்கோ.”

“அன்னைக்கி நாங்க ஏறாம விட்டிருந்தா, அந்தக் கண்ணாடி தானா சுத்தமாகியிருக்குமுங்களா? இவ சொல்றா, தானா சுத்தமாகுற கண்ணாடிய கழுவப் போயித்தான் இப்பிடிக் கெடக்குறேனாம். லயத்துல எல்லாரும் அப்பிடித்தான் பேசிக்கிறாங்க.”

மிஸ் டீக் கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். அடுப்பில் ஊதிக்கொண்டிருந்த புஷ்பமும் ஊதுவதை நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

“இல்லை, காளிமுத்து. ஆகியிராது,” என்றார் மிஸ்.

“மழ விட்டு வெயிலு அடிச்சாலும்?”

“புகைக்கரி கொஞ்சம் போயிருக்கும். அந்தப் பாசி போயிராது. ஆள் ஏறித்தான் கழுவியிருக்க வேணும்.”

காளிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்ததைப் பார்த்தேன். “கேட்டியா புஷ்பம்? ஆளு ஏறத்தான் வேணுமாம். மிஸ்ஸே சொல்றாங்க,” என்றார்.

“கேட்டேன்,” என்றார் புஷ்பம். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விறகை முறித்து அடுப்பில் வைத்தார்.

தோட்டப் பாதையில் இருவரும் இறங்கி வந்தோம். பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபிறகு, நீங்கள் அவருக்கு உண்மையைச் சொன்னது நல்லதாகப் போயிற்று என்று ஏதோ ஆறுதலாகச் சொன்னேன்.

“நல்லதெண்டு நினைச்சுச் சொல்லேல்லை, செல்வராஜ்,” என்றார் அவர். “ஒரு பொய் சொல்லலாமோ எண்டுதான் முதல்லை யோசிச்சன். எந்தப் பொய் அந்த மனுசனுக்கு உதவும் எண்டு எனக்குத் தெரியேல்லை.”